அக்கா எழுதிய மழை

1938 பிப்ரவரி 6, ஞாயிறு
சனிக்கிழமை மாலைகளில் அக்காவின் கல்லூரியில் இங்கிலீஷ் லெக்சரர் நஞ்சுண்டசாமி, மாணவர்களைச் சொந்தமாக எழுதிவரச் சொல்கிறார். மரியபுஷ்பம் அக்கா மழையைப் பற்றி எழுதினாள்: ஓடு ஒழுகும் எங்கள் சமையலறை, அம்மா நகர்த்தி நகர்த்தி வைக்கும் பாத்திரங்கள். நேற்று அதை அவரே வாசித்துக் காட்டினாராம். “மத்தவங்க எழுதினது என் நோட்ஸ். இதுதான் எழுத்து.”
ஹைஸ்கூல் முடித்ததும் நானும் அங்கேதான் சேர்வேன்.

மார்ச் 29
இன்டர்மீடியட் பரீட்சை. கட்டுரைத் தலைப்பு மழைக்காலம்! எல்லாரும் உருப்போட்ட நோட்ஸை எழுதினார்களாம். அக்கா எங்கள் சமையலறையை எழுதினாள். “எது வந்தாலும் உன்னோடதை எழுதுக்கா” என்று நேற்று நான்தான் சொன்னேன்.

மே 30
அக்கா இங்கிலீஷில் மட்டும் பெயில்.
அப்பா சத்தம் போடவில்லை. “செப்டம்பர்ல இன்னொரு தடவை எழுதட்டும். அதுவும் போச்சுன்னா, பொண்ணு கேட்டிருக்கிற தங்கவயல் மாப்பிள்ளைக்குச் சரின்னுடுவேன்.”
அம்மாதான் சும்மா விடவில்லை. “வீடு ஒழுகுறதை ஊருக்குச் சொன்னா மார்க்கா போடுவான்?”

ஜூன் 4
அக்ரஹாரத்தில் லெக்சரர் வீட்டுக்கு அக்காவோடு போனேன். அன்பாகத்தான் பேசினார்.
“அந்தப் பேப்பர் என்கிட்டதாம்மா திருத்த வந்தது. படிச்சதும் நீதான்னு தெரிஞ்சுது. ஆனா நோட்ஸ்ல இருக்கிற பாயிண்ட் ஒண்ணுகூட இல்லையே.”
“நீங்கதானே சார் சொந்தமா எழுதச் சொன்னீங்க?” என்றாள் அக்கா.
“அது சனிக்கிழமைக்கு.”
தெரிஞ்சேவா பெயில் போட்டார்? அவ எழுத்துன்னு தெரிஞ்சே? மண்டி மொகல்லாவில் எங்கள் வீடு வரும்வரை அக்கா எனக்கு முன்னாலேயே நடந்தாள்.

ஜூலை 17
நோட்ஸ் உருப்போடுகிறாள். துணி துவைக்கும்போதும் உதடு அசைகிறது. உன் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டினால் தேவலை.

ஆகஸ்ட் 9
ராத்திரி நல்ல மழை. பாத்திரங்களை நான் வைத்தேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 29
பாஸ். இங்கிலீஷில் இந்தத் தடவை எழுதினவர்களிலேயே அதிக மார்க். தங்கவயலுக்கு அப்பா மறுத்து எழுதிவிட்டார். வரும் ஜூனில் பி.ஏ. சேர்வாள்.
சந்தோஷப்பட வேண்டும். ஏன் முடியவில்லை?

நவம்பர் 13
நேற்று சனிக்கிழமைக் கூட்டத்துக்கு லெக்சரர் அக்காவைக் கூப்பிட்டிருந்தார். எழுதிக்கொண்டு போனதை இன்று வாங்கிப் படித்தேன். தலைப்பு மட்டும் புதிது. முதல் வரியிலிருந்து நோட்ஸ்.
“அவர் ஒண்ணும் சொல்லலையாக்கா?”
“எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினார். இப்பதான் எழுத்து பக்குவமாயிருக்காம்.”
அக்கா சிரிக்காமல்தான் சொன்னாள்.