சந்தனம் வைத்த கேசட்

14.8.1981
இன்றும் சண்டை. சாம்பாரில் புளி கூடிவிட்டதாம். வீரம்மா அண்ணி — இவருடைய அக்கா, புருஷன் போனதிலிருந்து எங்களோடு ஈப்போவில்தான் — ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொன்னேன். இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். “இன்னொரு தடவ சண்ட வந்துச்சு, அக்காவ சுங்காய்க்கு, தம்பி வீட்டுக்கே அனுப்பிடுவேன்லா!”

அண்ணியின் முகம் செத்துவிட்டது. அங்கே தம்பி பெண்டாட்டி சோறு போடுவாளா என்பதே சந்தேகம். என் வாயை எதைக் கொண்டு தைப்பது?

22.8.1981
கிளினிக்கில் என்னோடு மருந்து கட்டும் மிஸ் லிம் ஒரு கேசட் கொடுத்தாள். இலங்கைப் பிக்கு ஒருவர் புத்தருடைய பழைய சூத்திரங்களை இங்கிலீஷில் விளக்குகிறாராம். “உன் கோபத்துக்கு நம்ம கிளினிக்ல மருந்து இல்ல” என்றாள். திமிரைப் பார்! வாங்கிக்கொண்டேன்.

3.9.1981
கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். ஒருவன் புத்தரைக் கண்டபடி ஏசுகிறான். அவர் கேட்கிறார்: விருந்தாளிக்கு வைத்த சோற்றை அவன் தொடாவிட்டால் அது யாருக்கு? வைத்தவனுக்குத்தானே? உன் ஏச்சும் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்.

“என்னா அந்த மொட்டச் சாமி முணுமுணுங்கிறாரு? நம்ம முருகன் பத்தலயா?” என்றார் அண்ணி. நான் அந்தச் சோற்றைத் தொடவில்லை. நாக்குதான் அரித்தது.

19.9.1981
அண்ணி வெங்காயக் கூடையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்னாதான் சொல்றாரு?” தமிழில் சொன்னேன். “ம்ம்… தப்பா ஒண்ணும் சொல்லல” என்றார்.

8.10.1981
நேற்று சரஸ்வதி பூசை. தையல் மெஷின், அரிவாள்மணை, இவருடைய ஸ்பானர், எல்லாவற்றுக்கும் அண்ணிதான் பொட்டு வைத்தார். இன்று கேசட்டைப் போட்டால் கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தேன். நாடா தெரிகிற இடத்தில், பெரிதாக, சந்தனம்! இரவல் கேசட்!

“அண்ணீ!” என்று கத்திவிட்டேன். இவர் வாசலில் சிலிப்பரோடு நின்று பார்க்கிறார்.

“படிப்புதானேன்னு சரஸ்வதி முன்னால வெச்சேன்” என்றார் அண்ணி. “நான் சுங்காய்க்கே போறேன்லா.” கை துணிப்பையைத் தேடியது.

மொட்டைச் சாமி என்றவர், கொண்டுபோய் சரஸ்வதிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்! எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. “பைய வைங்கண்ணி. நீங்க போயிட்டா நான் யாருக்குக் கத சொல்றது?” என்றேன். இவர் சிலிப்பரைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனார்.

12.10.1981
மிஸ் லிம் விழுந்து விழுந்து சிரித்தாள். “அந்தக் காலத்துல கேசட் ஏது? கேட்டவங்க கேக்காதவங்களுக்குச் சொன்னாங்க. நீ உங்க பாஷயில சொல்லு” என்று ஒரு புது கேசட்டை நீட்டினாள்.

15.11.1981
நான் தமிழில் கதை சொல்ல, பதிவு செய்தோம். போட்டுக் கேட்டால், நடுநடுவே அண்ணியின் குரல்: “அப்புறம்?” அழிக்க மனம் வரவில்லை.

26.10.1982
சரஸ்வதி பூசை. சாம்பாரை நக்கிப் பார்த்து, “புளி கூடிப்போச்சுடி மங்களம்” என்றார் அண்ணி.

“வேணாம்னா தொடாதீங்க.”

“தொடலன்னா அது வெச்சவளுக்குத்தானே?” சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். இவரும் சிரித்தார். சுங்காய்ப் பேச்சு இந்த வீட்டில் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

விளக்கேற்றப் போனேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் எங்கள் கேசட். சட்டென்று கையில் எடுத்தேன்.

“டப்பா மேலதான் பொட்டு வெச்சிருக்கேன், பயப்படாத” என்றார் அண்ணி.