வெள்ளைச்சியின் நிறை

நவம்பர் 4, செவ்வாய்

விடிய மழை. துறைமுகப் பக்கம் ஒண்டும் தெரியேல்லை. வேலைக்குப் போக முதல் தொட்டியில வளர்க்கிற தவளை ரெண்டையும் நிறுத்துப் பார்த்தன். கறுப்பன் 52 கிராம். வெள்ளைச்சி 81. போன கிழமை 74! கொழுத்துப்போச்சுதெண்டு நாலு நாளாய் அவளுக்குப் பட்டினி. பட்டினி கிடக்கிறது கூடுமோ? ஆரோ கள்ளமாய்த் தீனி போடுறாங்கள். வீட்டில நானும் மனிசி ஜெசிந்தாவும்தான். நான் போடேல்லை.

நவ. 5

தராசு பிழையோ? ஒரு கிலோ சீனி பைக்கற் வைச்சுப் பார்த்தன். சரி. வெள்ளைச்சி 84.

மண்புழு எண்ணினன்: 31. டப்பா மூடியில நூல் கட்டியாச்சு. ஜெசிந்தாவிட்டைக் கேட்டன். "அந்தப் புழுவைக் கண்டாலே எனக்குச் சத்தி வருது, நான் போடுறனோ?" முகத்தைப் பார்த்துச் சொல்லேல்லை. முப்பது வருசம் துறைமுகத்தில ஸ்டோர் பார்த்தவன் நான். சாமான் குறைஞ்சாலும் கூடினாலும் பின்னால ஒரு கை இருக்கும்.

நவ. 6

மழை விட்டிட்டுது. 88. நூல் அப்பிடியே. புழு 29, கறுப்பனுக்கு நான் போட்டது ரெண்டு. கணக்குச் சரி. அப்ப இறைச்சித் துண்டோ?

இவள் இப்ப வீட்டுக்குள்ள செருப்புப் போடுறேல்லை. வாறது போறது கேக்காது. ஏன்? பின்னேரம் குசினிக் கதிரையில சும்மா இருந்தவள், என்னைக் கண்டதும் நீளச் சட்டையைக் கீழ இழுத்துவிட்டு எழும்பினாள். என்னத்தை ஒளிச்சாள்? தேடினன், ஒண்டுமில்லை. கெட்டிக்காரி.

மறக்கக் கூடாது: தொட்டித் தண்ணி, பல்ப், பாண்.

நவ. 7

93. வயிறு பலூன் மாதிரி. காலும் தடிச்சிட்டுது. மிதக்கிறாள், கீழ போக ஏலாது. எனக்கு விசர் வந்திட்டுது. "வாயில்லாச் சீவனைத் தீனி போட்டே கொல்லுறாய். இனித் தொட்டியைத் தொடாதை!"

ஜெசிந்தா ஈரக்கையில வெள்ளைச்சியை ஏந்தி வெளிச்சத்தில பிடிச்சாள். "இஞ்சருங்கோ, இது தீனி இல்லை. நீர். உள்ளுக்கை கோத்துக் கிடக்கு."

உனக்கென்ன தெரியும் எண்டன்.

தவளையை விட்டிட்டுக் கதிரையில இருந்தாள். சட்டையைக் கொஞ்சம் உயர்த்தி, கணுக்காலில பெருவிரலால அமத்தி எடுத்தாள். விழுந்த குழி நிரம்பேல்லை.

எத்தனை நாளாய்?

"மூண்டு மாசத்துக்கு மேல. மடுத் திருநாளுக்கு முதலே."



நவ. 8, சனி

மிருக வைத்தியர் போனில சொன்னபடி வெள்ளைச்சியை உப்புத் தண்ணியில விட்டிட்டு, ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி. நேர்ஸ் ஜெசிந்தாவைத் தராசில ஏத்தினா. "முந்தி என்ன நிறை இருந்தவ?" எண்டு என்னைப் பார்த்துக் கேட்டா.

எனக்குத் தெரியேல்லை.