உன் பங்கு ஓடை

அக்டோபர் 6

அன்புள்ள நெட்டை,

வேலை கிடைத்ததும் எங்களை மறந்தாயிற்றா? நலம் விசாரிக்கக்கூடத் தெம்பில்லை, இடுப்பு விட்டுப்போகிறது. ஓடையைச் சுத்தம்செய்ய நாம் கல்லூரியில் ஆள் சேர்த்தபோது இருபது பேர், இப்போது நால்வர். சனிக்கிழமைதோறும் ஓடையில் இறங்கித் தண்ணீரின் குளிரை அளக்கிறோம், சேறு மூடிய கூழாங்கற்களைக் கிளறிக் கழுவுகிறோம். சுத்தமான கல்லுக்கடியில்தான் டிரவுட் மீன் முட்டையிடும் என்று நீ பேசிய பேச்சை நம்பி இந்தக் கூத்து. ஒரு மீனைக் காணோம்.

ஆளுக்கொரு பகுதி பிரித்தோமே, பாலத்தடியில் நீ கழுவிவைத்துவிட்டுப் போன உன் பகுதியில் யாரையும் கால்வைக்க விடவில்லை. நம் கூட்டத்துக் கடைக்குட்டி கண்ணாடி கேட்டாள், "அக்கா, அவங்க எங்க வரப்போறாங்க? நான் பாத்துக்கட்டுமா?" என்று. "அவ வருவா, நீ உன் வேலையப் பாரு" என்று விரட்டிவிட்டேன். குளிருக்கு முன் வருவதாகச் சொன்னாய். வந்துவிடு.

கால் ஊறிப்போன,
தவளை

அக்டோபர் 29

என் அன்புத் தவளைக்கு,

எதையும் மறக்கவில்லை. ஆய்வகத்தில் நாள் முழுக்கக் குப்பி குப்பியாகக் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கிறேன். அறைக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே அலுப்பாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, என்னால் வர முடியாது. வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், இனி இங்கேதான். என் பகுதியைக் கண்ணாடியிடம் கொடுத்துவிடு. வீம்புக்குக் காத்துக்கொண்டிருக்காதே.

உன்,
நெட்டை

நவம்பர் 24

நெட்டை,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்புறம் 'போடி' என்று உன்னைத் திட்டிவிட்டு, கண்ணாடியைக் கூப்பிட்டு, "நாளைக்கு அவ எடத்துல நீ எறங்கு" என்றேன்.

மறுநாள் எனக்கு இறங்கவே மனமில்லை. கரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். உன் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் கற்கள் வெளுத்துத் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் ஒரு டிரவுட், ஒருக்களித்துப் படுத்து முட்டையிட வாலால் அடித்துப் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. "எறங்காதடி!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கரையிலேயே விழுந்துவிட்டாள்.

எங்கள் பகுதிகளில் எப்படித் தங்கும் மீன்? அக்கறை அக்கறை என்று வாராவாரம் பூட்ஸ் காலோடு அதன் படுக்கையில் நின்றது நாங்கள்தானே! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. நீ வராததால்தான் அது வந்தது. இதற்குச் சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா? இரண்டும்தான் செய்கிறேன்.

குஞ்சுகள் வெளியே வரும்வரை யாரும் இறங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எனக்கும் ஓய்வு வேண்டும், ரொம்ப அலுத்துவிட்டேன். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் பாலத்தின் மேலிருந்து பார். கீழே இறங்காதே.

நீ வருவாய் என்று வாசலில் துடைத்து வைத்திருந்த உன் பூட்ஸைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்குக் கொஞ்சம் பெரிதுதான், மறுபடி இறங்கும்போது துணி திணித்துக்கொள்வாளாம்.

தவளை