பாப்பாவிடம் கேட்ட பெயர்

கடலில் இருக்கும் என்னவருக்கு,

நானும் பாப்பாவும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் பதறிக்கொண்டே படிப்பீர்கள். நான்கு நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. காலையிலிருந்து உங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு "அப்பா கப்பல்" என்று எனக்கு டாட்டா காட்டுகிறாள். காட்டிவிட்டு உடனே திரும்பி வந்துவிடுகிறாள். அந்த விஷயத்தில் உங்களைவிட நல்லவள்.

உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாததற்குக் கோபிக்காதீர்கள். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், லைனும் பாதியில் அறுந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நான் முன்பு வேலை பார்த்த அதே லேப். இரண்டு வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறவள் நான். குழந்தைக்காக வேலையை விட்டேன் என்று உங்களிடம் சொன்னது பாதிதான் உண்மை. கூட்டம் நெரிந்த ஒரு நாள், நேரம் மிச்சமாகட்டும் என்று ரத்தம் பிடிக்கும் குழாய்களில் முன்கூட்டியே பெயர் எழுதி ஒட்டி வைத்தேன். எடுக்கும்போது யாரிடமும் பெயர் கேட்கவில்லை. இரண்டு பேரின் ரத்தம் மாறிவிட்டது. ரிப்போர்ட் வெளியே போவதற்குள் சீனியர் அக்கா கண்டுபிடித்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஆகிவிட்டது. நான் எதற்கும் லாயக்கில்லை என்று அன்றே முடிவுகட்டினேன். அதன்பிறகு பால் பொங்கி வழிந்தாலும் சரி, பாப்பா தடுக்கி விழுந்தாலும் சரி, அதே தீர்ப்புதான்.

இப்போது பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கே இருந்த புதுப்பெண் இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. பாப்பா வீரிட்டாள். அக்கா என்னைப் பார்த்து, "என்னடி வேடிக்கை பாக்குற? கையக் கழுவிட்டு வா" என்றார். எனக்கு வராதுக்கா, எல்லாம் மறந்துபோச்சு என்றேன். "அப்ப மூணாவது குத்தும் இவகிட்டயே வாங்கித் தரப் போறியா?" என்று கையுறையை நீட்டினார்.

மாட்டிக்கொண்டதும் என் வாய் தானாகக் கேட்டது, "உங்க பேரச் சொல்லுங்க" என்று. அவள் விம்மிக்கொண்டே "பாப்பா" என்றாள். லேபே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அவள் பக்கத்திலேயே நின்று பெயரை எழுதி ஒட்டினேன். நிமிர்ந்தபோது பெஞ்சில் வரிசையாக ஆட்கள். ஒவ்வொருவரும் யாரோ ஒருத்தியின் பாப்பா என்று தோன்றியது.

கிளம்பும்போது அக்கா, "பெத்த புள்ளகிட்டயே பேர் கேக்குறவ, இனிமே யாரையும் கேக்காம விடமாட்ட. திங்கட்கிழமை வந்து சேரு" என்றார்.

உங்களைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். பாப்பாவை மாடியிலிருக்கும் டெய்லர் அக்கா பார்த்துக்கொள்வார். பயம் இன்னும் போகவில்லை. நீங்கள் இருந்தால் தெருமுனைவரை வந்திருப்பீர்கள். அதனால் மழை இல்லாவிட்டாலும் உங்கள் குடையை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கரை இறங்கினால் எப்படியும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்களே, அதற்கு எங்கள் லேபுக்கே வாருங்கள். எதிரே உட்காரவைத்து, தெரியாதவள்போல உங்களிடமும் பெயர் கேட்பேன். அதை உங்கள் வாயால் பக்கத்திலிருந்து கேட்டு எட்டு மாதம் ஆகிறது. சீக்கிரம் வந்து சொல்லுங்கள்.

வழி பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா