நீ திறக்காத பெட்டி

அண்ணனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஸ்ரீகாந்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் அகல்யாவும் ஸ்வாதிக் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மாங்காட்டுக்குப் போய் விளக்கு போட்டுவிட்டு வந்தேன். இங்கே நான் நலம். எப்போதும் நாங்கள் நலம் என்றுதான் எழுதுவேன், இந்தத் தடவை கை வரவில்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசலாம் என்றால் அப்பா ஹாலை விட்டு நகர்வதில்லை, இந்த வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அவர் காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். மெயில் போட்டால் அது எங்கே போகும் என்று இப்போது எனக்குத் தெரியும். மேல்வீட்டு ஷோபனா சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வேலைக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நடந்துகொண்டே படிக்காதே, உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் ஆன்லைன் கடை வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தூளித் துணிகளைத் திருமுல்லைவாயில் பூபாலன் தைத்துக் கொடுக்கிறான், நான் மடித்துப் பெட்டி கட்டிக் கூரியரில் போடுகிறேன், அதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. போன மாதம் அவன் மூட்டையோடு வந்தவன் வாசலிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாம்மா, சாருக்கு எம்மேல எதுனா கோவமா? மூஞ்சிக்கு நேரா நின்னுகினு கீறேன், யாருன்னு கேக்குறாரு" என்றான். அவர் ஏதோ யோசனையில் இருந்திருப்பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் அப்பா சாம்பார் கரண்டியைத் தட்டுக்கு வெளியே கவிழ்த்தார், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போனார். வயசாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

இப்போது மெயிலில் வருகிற அந்த நியூஸ்லெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். கடை வளர வழி, விற்பனை பெருக வழி என்று எவன் இலவசமாக எதைக் கொடுத்தாலும் நீ கடை மெயிலைக் கொடுத்துக் கொடுத்து வாங்கினாய். படிக்க நேரமில்லை என்றதும், அப்பா சும்மாதானே இருக்கிறார், தினமும் படித்து நாலு வரியில் சுருக்கி எனக்கு அனுப்பட்டும் என்றாய். நீ விளையாட்டாகத்தான் சொன்னாயோ என்னவோ, அவருக்கு அது உத்தியோகம். ஃபாக்டரி ஆபீசில் தபால் பிரிவிலேயே காலம் தள்ளியவர், வந்த எந்தக் காகிதத்துக்கும் கிடைத்தது என்று பதில் போடாமல் எழுந்திருக்க மாட்டார். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு நியூஸ்லெட்டருக்கும், பெற்றுக்கொண்டேன், கவனத்தில் கொண்டேன், இப்படிக்கு ரகுநாதன் என்று பதில் அனுப்பியிருக்கிறார். இந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் விடுவார்களா, ஒன்று அனுப்புகிறவன் நாலு அனுப்ப ஆரம்பித்தான், மழைக்காலத்து ஈசல் மாதிரி வந்து குவிகிறது. அதிலும் தலைப்பைப் பார்த்தால் பகீரென்கிறது, இன்றே கடைசி நாள், உங்கள் கடை மூழ்கிக்கொண்டிருக்கிறது, இதைத் திறக்காவிட்டால் வருந்துவீர்கள் என்று. அதையெல்லாம் அவர் நிஜமென்று நம்பினார். கார்ஷெட்டுக்குப் போகிற முதல் மின்சார ரயில் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார், காபி ஆறிப் போகும். ஸ்ரீகாந்துக்கு ஏதோ ஆகப் போகிறது கஸ்தூரி, நான் ஒன்றைத் தவறவிட்டாலும் பையன் தெருவுக்கு வந்துவிடுவான் என்பார். யாருக்கு ஆகப் போகிறது என்பதில்தான் தப்பு பண்ணிவிட்டார்.

எனக்குத் தெரியாமல் அவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். ஆவடியில் பழைய சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அன்றுதான். சர்க்கரை கண்ணுக்குள்ளே இறங்கியிருக்கிறது, ஸ்கேன் பார்த்துவிட்டு ஊசி போடும் தேதியைச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். போன் வேண்டாம், எனக்கு எதுவும் எழுத்தில்தான் வர வேண்டும் என்று சொல்லி, அவர் தினமும் திறக்கிற ஒரே மெயிலான கடை மெயிலைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். போன வாரம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு பையில் இருந்தது. கேட்டதற்கு, தகவல் வரும், வரட்டும் என்றார். அவர் குளிக்கப் போனதும் ஷோபனாவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிப் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னேன். இரண்டு மெயில் வந்திருந்தது ஸ்ரீகாந்த். உடனே வரவும், தாமதித்தால் பார்வை திரும்பாது என்று முதலாவது. ஏன் வரவில்லை என்று இரண்டாவது. முன்னும் பின்னும் உன் நியூஸ்லெட்டர்கள். இரண்டுக்கும் அப்பா பதில் போட்டிருந்தார், பெற்றுக்கொண்டேன், கவனத்தில் கொண்டேன் என்று. படித்துவிட்டார், வர இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். அவரோ ஒன்றையும் படிக்கவில்லை, எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை அவருக்கு. வெளிச்சமாக ஒரு பட்டை தெரிந்தால் அதை அமுக்கி அதே பதிலை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன். வலது கண் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னார். இடது கண்ணுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. ஐப்பசி பிறக்கிற அன்று காலை இரண்டாவது ஊசி, அதைத் தவறவிட்டால் இதுவும் போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். காலை வேலையைப் போட்டுவிட்டு இனி ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்கிறார். சுருக்கம் அனுப்பாத நாளில் அவன் கடையில் என்ன நடக்குமோ, வேலை கொடுத்தவன் லீவு கொடுத்தால்தான் வருவேன் என்கிறார். கத்தினேன், அழுதேன், மசியவில்லை. நீங்கள் அனுப்புவதை அவன் பார்க்கிறானா என்று பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "தப்பு இருந்தா எழுதியிருப்பான். பதில் வரலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

அகல்யா பாவம், வெள்ளந்தியாகப் போனில் சொல்லிவிட்டாள், மாமா அனுப்புவதும் அத்தை அனுப்புவதும் தானாக ஒரு தனிப் பெட்டிக்குப் போகும்படி நீ வைத்திருக்கிறாய் என்று. எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இருக்கிறது. நீ திறக்காத அந்தச் சுருக்கங்களை நான் ஷோபனாவை வைத்துப் பார்த்தேன். சித்திரை, வைகாசியில் அழகாக எழுதியிருக்கிறார், எது உபயோகம், எது ஏமாற்று என்றுகூட. ஆடியில் பாதி வார்த்தைகள் உடைந்திருக்கின்றன. அதற்கப்புறம் வந்தவை எதுவும் எந்தப் பாஷையும் இல்லை. பார்க்காமல் டைப் அடிக்கிறவர், விரல் ஒரு கட்டை தள்ளி உட்கார்ந்ததுகூடத் தெரியாமல் பக்கம் பக்கமாக அடித்திருக்கிறார். கடைசியில் அப்பா என்று போடுகிற இடம்கூட அப்பா என்று இல்லை. ஒன்றே ஒன்றைத் திறந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த நியூஸ்லெட்டர்களை எல்லாம் இன்றைக்கே நிறுத்து. நிஜமாகவே நீ படிக்கிறது ஒன்றிரண்டு இருந்தால் வேறு மெயிலுக்கு வரவழைத்துக்கொள், ஆர்டர் வருகிற இடத்தில் குப்பை வேண்டாம். ஸ்வாதிக்குச் சளி என்றாள் அகல்யா, குளிரில் தலை துவட்டாமல் வெளியே விடாதீர்கள். மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம், எந்தக் கெட்டதும் உங்கள் வாசலைத் தாண்ட வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்குள் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, வேலை முடிந்தது, லீவு கொடுத்துவிட்டேன் என்று உன் வாயால் சொல். அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் அவரிடம் மூச்சு விடாதே. எழுதி அனுப்பிவிட்டு இருந்துவிடாதே ஸ்ரீகாந்த். எழுதினால் பெற்றுக்கொண்டேன், கவனத்தில் கொண்டேன் என்று பதில் வரும்.

இப்படிக்கு
உன் அம்மா
கஸ்தூரி