புல்வெளியில் நிமிர்ந்தவளுக்கு

இன்று காலை இயந்திரம் ஓடி முடித்த புல்லின் பச்சை வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காவலூர்ப் பக்கத்து இந்த விடுதியில் நான் இன்னும் களை பறித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாமை விளைந்த சரிவை வாங்கி அவர்கள் கோல்ஃப் மைதானம் ஆக்கியபோது நாம் எட்டுப் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தோம். குனிந்து களை எடுப்பது நமக்கு. மட்டைப் பையைச் சுமந்து விருந்தினர் பின்னால் நடப்பது ஆண்களுக்கு. ஆடி முடித்தவர்கள் மட்டையைத் தோளுக்குப் பின்னால் பிடித்து இடுப்பைத் திருப்புவதையும், ஒரு காலைத் தூக்கி பேட்டரி வண்டிமேல் வைத்து முன்னால் சாய்வதையும் நீ களைக்கொத்தும் கையுமாகப் பார்த்துக்கொண்டே இருப்பாய். ஒரு சாயங்காலம், விளையாட வந்த ஓர் அம்மாவிடமே போய் ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டாய். உடம்பு சூடாக இருக்கும்போதே மெதுவாக நீட்டிவிட்டால் மறுநாள் அவ்வளவாகப் பிடித்துக்கொள்ளாது, வெடுக்கென்று மட்டும் இழுக்கக் கூடாது என்றாராம். அன்றிலிருந்து களை எடுத்து முடித்ததும் நீயும் நீட்டி நிமிர்ந்தாய்.

ஆண்டு விழாவுக்கு ஊழியர்களுக்கென்று ஓர் ஆட்டம் வைத்தார்கள். ஆண்களுக்கு மட்டும். நீ மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றாய். நீங்கள் ஆடினால் மறுநாள் உடம்பு வலி என்று லீவு போடுவீர்கள், புல்லை யார் பார்ப்பது என்றார் அவர்.

"எட்டு பேரும் மறுநா வேலைக்கு வர்றோங்க. ஒருத்தி வரலன்னாலும் என்னை வேலைய வுட்டு அனுப்பிடுங்க" என்றாய்.

 உன் வீட்டில் அடுப்பு எரிந்ததே இந்த வேலையால்தான்.

ஆடினோம். என் பந்து குட்டையில் விழுந்தது. நீ அடித்த ஒரு பந்து நேராகப் பறந்து குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் இறங்கியபோது ஆண்களின் சிரிப்பு நின்றது. முடிந்ததும் எல்லோரும் டீக்கு ஓட, நீ எங்களை நிறுத்தினாய். விருந்தினர் உட்கார்ந்திருந்த வராந்தாவுக்கு எதிரிலேயே புடவையைச் செருகிக்கொண்டு இடுப்பைத் திருப்பினோம், கையை மார்புக்குக் குறுக்கே இழுத்தோம், கெண்டைக்கால் இளகும்வரை சாய்ந்து நின்றோம். மேற்பார்வையாளர் வேகமாக வந்தார். இதெல்லாம் விருந்தினர் செய்வது, கலைந்து போங்கள் என்றார். நீ கையை இறக்காமலே சொன்னாய்: "அவங்களுக்கு இருக்கிற இடுப்புதாங்க எங்களுக்கும் இருக்குது."

மறுநாள் வலி இல்லாமல் இல்லை. தோள் கனத்தது, ஆனாலும் குனிய முடிந்தது. எட்டுப் பேரும் வந்தோம். நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களில் மூன்று பேர் படுத்துவிட்டார்கள். நீ அவர்களைக் கேலி செய்யவில்லை. அடுத்த வாரம் அவர்களையும் நாம் நீட்டி நிமிரும் வரிசையில் சேர்த்துக்கொண்டாய்.

பிறகு மார்பில் கட்டி. வேலூரில் அறுவை முடிந்து, கை தோளுக்கு மேல் எழும்பாமல் கிடந்தாய். நான் வந்த அன்று வார்டுச் சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக மேலே நகர்த்திக்கொண்டிருந்தாய். நர்ஸ் சொல்லிக்கொடுத்ததாம். போதும், படு என்றேன்.

"நேத்து ஜன்னல் வரைக்கும் போச்சு. இன்னிக்கு அதுக்கும் மேல போவணும். நீ இன்னாத்துக்கு அழுவுற? வந்து முழங்கைய புடி" என்றாய்.

பிடித்தேன். நடுங்கிக்கொண்டே ஏறியது. கடைசி வாரம்வரை உன் ரவிக்கையை நீயேதான் போட்டுக்கொண்டாய்.

போன மாதம் புது மேற்பார்வையாளர் வந்திருக்கிறார். அவருக்கு உன்னைத் தெரியாது. வேலை முடிந்தால் உடனே வெளியே போக வேண்டும், புல்வெளியில் நின்று இப்படி உடம்பை வளைத்துத் திருப்புவதெல்லாம் கூடாது என்று இன்று மாலை சொன்னார். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதிகாரிகள் முன்னால் என் குரல் எழும்பாது என்று நீ எத்தனை முறை திட்டியிருப்பாய்.

"இத முடிச்சிட்டுப் போறோங்க" என்றேன்.

அவர் அங்கேயே நின்றார். நான் இடுப்பை மறுபக்கம் திருப்பினேன்.