காலில் இருந்த மஞ்சள்

மதராஸ்,
மாசி, 1945

கன்னியம்மா,

வெள்ளிக்கிழமை நீ பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாய். "நம்ம ஆடு ரெண்டு குட்டி போட்டுகீதுய்யா" என்றாய். நானும் ஆட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் என் முதுகைத் திறந்தார்களே, அன்றைக்கு எதையும் சரிசெய்யவில்லை. தண்டுவடத்தின் மேல் ரத்தக்குழாய்கள் புழுக்கள் போலச் சுருண்டு கிடந்தனவாம். இதுபோல இதற்குமுன் ஒரே ஒருவருக்குத்தான் பார்த்தாராம் டாக்டர். என்னைக் கேட்காமல் தொட மனமின்றித் தைத்துவிட்டார். அந்தக் குழாய்களை முடிச்சுப் போட்டுக் கட்டினால் மரத்துக் கிடக்கும் கால்களுக்கு உணர்வு திரும்பலாம், உயிரும் போகலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. இப்படியே கிடந்தாலும் வாரம் ஒருமுறை உன் முகத்தைப் பார்க்கலாமே என்றுதான்.

தினமும் நர்ஸம்மா என் பாதத்தில் ஊசியால் குத்தி, "தெரியுதா?" என்று கேட்பார். அவர் கை குத்துவதைக் கண்ணால் பார்த்துத்தான் "தெரியுது" என்பேன். உனக்கும் அதைத்தான் சொன்னேன்.

நீ போன பிறகு போர்வையை விலக்கினார்கள். இரண்டு பாதங்களிலும் பொன்னியம்மன் கோயில் மஞ்சள். ஆட்டுக்கதை சொன்ன நேரமெல்லாம் போர்வைக்குள் தடவிக்கொண்டே இருந்திருக்கிறாய். எனக்குத் தெரியவேயில்லை, கன்னியம்மா.

அதைக் கழுவ விடவில்லை. இன்று சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலையில் ஆபரேஷன்.

அடுத்த முறை மஞ்சள் வேண்டாம். வெறுங்கையோடு வா. நான் வேறெங்கோ பார்க்கும்போது தொடு. எந்த விரலைத் தொட்டாய் என்று நான் சொல்கிறேன்.

உன் ஊட்டுக்காரன்